கேரியர் ஆயிலுக்குத் தமிழ்: தாங்கியா, காவியா, ஏந்து எண்ணெயா?

திருநகரிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். எங்கள் வீட்டு மாடியில் பதினான்கு பெண்களுக்கு, வீட்டிலேயே நறுமணத் தைலம் செய்யும் முறையைக் கற்றுத் தந்துகொண்டிருக்கிறேன். அதற்கான பாடக் குறிப்பு வெள்ளிக்கிழமை காலை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். பதினொரு பக்கங்களைத் தமிழாக்கிவிட்டு, ‘கேரியர் ஆயில்’ என்ற இடத்தில் வந்து நிற்கிறேன். மணப்பொருளைக் கலந்து தோலில் பூசுவதற்கான எண்ணெய் அது. மதுரையில் கேரியர் என்றால் சோறு கொண்டுபோகும் அடுக்கும் சைக்கிளின் பின்பக்கமும்தான். எண்ணெய்க்கு அந்தப் பெயரை வைத்தால் வகுப்பில் சிரிப்புத்தான் எழுகிறது.

மணப்பொருளை எத்தனாலிலும் (ஆல்கஹால்) கலக்கலாம், எண்ணெயிலும் கலக்கலாம். வேறுபாடு இதுதான். எத்தனால் 78 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் பொருள். தோலில் பட்ட சற்று நேரத்தில் பறந்துவிடும், மணப்பொருளை மட்டும் விட்டுச் செல்லும். நல்லெண்ணெயும், ஜோஜோபா என்ற விதை எண்ணெயும் பறப்பதில்லை. தோலிலேயே தங்கி, மணத்தை மெல்ல மெல்ல வெளிவிடுகின்றன. முன்னதற்குக் கரைப்பான் என்ற சொல் பள்ளிப் பாடநூலிலேயே இருக்கிறது. பின்னதற்கு ‘தாங்கி எண்ணெய்’ என்று எழுதி வைத்திருக்கிறேன், ஆனால் மனம் ஒப்பவில்லை. வியாழன் இரவுக்குள் ஒரு சொல் வேண்டும்.

திருமங்கலத்திலிருந்து:

அம்மா, முப்பது ஆண்டுகள் வேதியியல் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: புதுச் சொல்லே தேவையில்லை. மணப்பொருள் எதில் கரைகிறதோ அது கரைப்பான். அது பறக்கிறதா தங்குகிறதா என்பது அதன் குணம், அதன் பெயர் அன்று. ‘பறக்கும் கரைப்பான்’, ‘தங்கும் கரைப்பான்’ என்று இரண்டு அடைகளைச் சேர்த்தால் முடிந்தது. மல்லிகையிலிருந்து மணத்தைப் பிரிக்கும் ஆலைகளில் ஹெக்சேன் என்ற, எளிதில் பறக்கும் திரவத்தைக் கொண்டு பூவைக் கழுவுகிறார்கள், பிறகு அந்த ஹெக்சேனை வெளியேற்றிவிடுகிறார்கள். எஞ்சும் மெழுகை எத்தனாலால் மறுபடி கழுவுகிறார்கள். இரண்டும் கரைப்பான்கள்தாம்.

‘தாங்கி’யை மட்டும் தயவுசெய்து எழுத வேண்டாம். தாங்கல் கரைசல் (ஆங்கிலத்தில் ‘பஃபர்’) என்று வேறொரு பொருள் ஏற்கெனவே மேல்நிலைப் பள்ளி வேதியியலில் குடியிருக்கிறது. யாரேனும் ‘கடத்தி’ என்பார்கள்; அது மின்சாரத்துக்குரியது. போதாக்குறைக்கு எத்தனாலை எரிசாராயம் என்றும் எழுதினால், உங்கள் பாடக் குறிப்பு மதுவிலக்குப் பிரிவின் செய்திக் குறிப்பாகிவிடும்.

மேலூரிலிருந்து:

வேதியியல் ஐயாவின் எச்சரிக்கை சரி, ஆனால் தமிழில் சொல் இல்லாதது போல் ஏன் தயங்குகிறோம் என்பது எனக்கு விளங்கவில்லை. ‘கா’ என்பது இருபுறமும் சுமை தொங்கத் தோளில் வைத்துச் செல்லும் தண்டு. ‘காவினெம் கலனே சுருக்கினெம் கலப்பை’ என்று புறநானூற்றின் 206ஆம் பாட்டில் ஔவையார் அதியமானின் வாயிற்காவலனிடம் சொல்லிவிட்டுக் கிளம்புகிறார். தம் கலன்களைக் காவிக்கொண்டார் என்பது பொருள். அந்தக் ‘கா’தான் திருப்பரங்குன்றத்துக்குப் போகும் காவடியில் இன்றைக்கும் இருக்கிறது. ஈழத்தில் ‘காவு’ இன்னும் வீட்டு வழக்கில் உயிரோடிருக்கும் வினை. அங்கே நோயைப் பரப்பும் உயிரியை ‘நோய்க்காவி’ என்றே பாடநூலில் எழுதுகிறார்கள். ஆகவே ‘மணக்காவி’. வேர், இலக்கியச் சான்று, வாழும் வழக்கு மூன்றும் ஒரே சொல்லில் அமைவது அரிது.

உசிலம்பட்டியிலிருந்து:

சித்த மருத்துவத்தில் இதற்கு எப்போதோ பெயர் வைத்தாகிவிட்டது. பற்பத்தையும் சூரணத்தையும் தேனிலோ நெய்யிலோ வெந்நீரிலோ குழைத்துக் கொடுக்கிறோமே, அந்தத் தேனும் நெய்யும் அனுபானம். மருந்தை உடலுக்குள் கொண்டுசேர்ப்பது அதன் வேலை. மணத்தைத் தோலில் கொண்டுசேர்க்கும் எண்ணெய்க்கு அதே பெயர் பொருந்தும். என் பாட்டிக்கும் தெரிந்த சொல் இது.

மேலூரிலிருந்து:

அனுபானம் வடசொல். ‘பானம்’ என்றால் குடிப்பது. பூசும் எண்ணெய்க்கு அந்தப் பெயரைக் கொடுத்து, பதினான்கு பெண்களில் ஒருவர் அதைக் குடித்துவைத்தால் யார் பொறுப்பு?

உசிலம்பட்டியிலிருந்து:

‘வடசொற் கிளவி வடவெழுத் தொரீஇ’ என்று தொல்காப்பியரே வழிவிட்ட பிறகு நாம் ஏன் வாசலை அடைக்கிறோம்? தேனில் குழைத்த மருந்தை நாங்கள் நக்கத்தான் கொடுக்கிறோம், குடிக்க அன்று. சொல் தன் வேரைத் தாண்டி நடந்து வெகு காலமாயிற்று. ‘எண்ணெய்’ என்பதே எள்ளின் நெய். தேங்காய் எண்ணெய் என்று சொல்லும்போது தேங்காய்க்குள் எள் எங்கே இருக்கிறது என்று ஐயா கேட்பதுண்டா?

அனுப்பானடியிலிருந்து:

இந்தக் குழுவில் நான் இளையவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். திருநகர் அக்காவின் வகுப்பில் நானும் படிக்கிறேன். நேற்று மூன்று சொற்களையும் கரும்பலகையில் எழுதி, என்ன தோன்றுகிறது என்று கேட்டுப் பார்த்தோம். ‘மணக்காவி’ என்றதும், சாயம் போட்ட எண்ணெயா என்றார்கள் சிலர். ஒருவர், சாமியார்கள் தேய்த்துக்கொள்வதா என்றார். ஈழத்தில் அது வாழும் சொல்லாக இருக்கலாம், வைகைக் கரையில் காவி என்றால் நிறம்தான். ‘அனுபானம்’ வயதானவர்களுக்குப் புரிந்தது, ஆனால் அவர்கள் மருந்து என்றே நினைத்தார்கள். ‘தங்கும் கரைப்பான்’ என்பதை எழுதிக்கொண்டார்கள். பேசும்போது ஒருவர்கூடச் சொல்லவில்லை. அவர்கள் வாயில் வந்தது ‘கலக்குற எண்ணெய்’.

எனக்குத் தோன்றியது ‘ஏந்து எண்ணெய்’. மணத்தை ஏந்திய, ஏந்துகின்ற, ஏந்தும் எண்ணெய். ஊறுகாயைப் போல வினைத்தொகை. ‘ஏந்தி’ என்று தனியே நிறுத்தினால் கையேந்தி பவன் நினைவுக்கு வருவதால் எண்ணெயைச் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த எண்ணெய் எது என்று கேட்பவர்களுக்கும் விடை கிடைக்கிறது: கீழமாசி வீதியில் வாங்கும் நல்லெண்ணெய் தனக்கே ஒரு வாடையுள்ளது, தேங்காய் எண்ணெய் மார்கழி விடியலில் புட்டிக்குள் உறைந்துவிடும், உறையாதபடி பிரித்தெடுத்த தேங்காய் எண்ணெயும் ஜோஜோபாவும் மணத்தில் குறுக்கிடாமல் ஏந்துகின்றன.

மேலூரிலிருந்து:

பெண்ணே, சொல் அழகாக இருக்கிறது. ஆனால் வினைத்தொகை என்று சொல்லிவிட்டுப் பிரித்து எழுதுவது என்ன நியாயம்? ஏந்தெழில் என்பது போல ‘ஏந்தெண்ணெய்’ என்று புணர்த்தித்தான் எழுத வேண்டும். இன்னொன்று. ஏந்துவது என்றால் கையில் வைத்துக்கொண்டு நிற்பது. காவுவது என்றால் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுசெல்வது. இந்த எண்ணெய் மணத்தைப் புட்டியிலிருந்து மணிக்கட்டுக்குக் கொண்டுசெல்கிறதே. ‘பத்துத் துவரினும் ஐந்து விரையினும்’ ஊறிய நீரையும் ‘உரைத்த நெய்’யையும் பற்றி இளங்கோவடிகள் மாதவியின் கூந்தலுக்காக எழுதிய இனத்தார் நாம், நிறக் குழப்பத்துக்கு அஞ்சி வேர்ச்சொல்லை விடலாமா?

திருமங்கலத்திலிருந்து:

அதே வரிகளில் மணம் நீரில் ஊறியது, நெய்யிலும் இருந்தது. இளங்கோவடிகள் இரண்டுக்கும் பொதுவாக ஒரு கலைச்சொல் தேடி இரவெல்லாம் விழித்திருந்ததாகத் தெரியவில்லை. ஒரு நடைமுறை ஐயம் இருக்கிறது. உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் அத்தர் வடிக்கும்போது பூவின் ஆவியைச் சந்தன எண்ணெய்க்குள் இறக்குகிறார்கள். அந்தச் சந்தன எண்ணெய் ஏந்தவும் செய்கிறது, தானே மணக்கவும் செய்கிறது. அது ஏந்து எண்ணெயா, மணப்பொருளா?

திருநகரிலிருந்து:

அனைவருக்கும் நன்றி. மணி இரவு பதினொன்று. அச்சுக்குப் போகும் படியில் ‘ஏந்து எண்ணெய்’ என்று, பிரித்தே, எழுதியிருக்கிறேன். புணர்த்தி எழுதினால் வாசிப்பவர்கள் திணறுகிறார்கள், மேலூர் ஐயா பொறுத்தருள வேண்டும். முதன்முறை வரும் இடத்தில் மட்டும் ‘கலக்கும் எண்ணெய்’ என்று அருகில் போட்டிருக்கிறேன். எத்தனால் பகுதியில் ‘கரைப்பான்’ என்றே வருகிறது. மருந்துக்கடையில் கிடைக்கும் காயம் துடைக்கும் ஸ்பிரிட்டும், மரச்சாமான் பளபளப்புக்கான மெத்தனால் கலந்த ஸ்பிரிட்டும் நறுமணத் தைலத்துக்கு ஆகாது என்பதைத் தடித்த எழுத்தில் சேர்த்துவிட்டேன். சந்தனத்தைப் பற்றிய கேள்வியை அடுத்த பதிப்புக்குத் தள்ளியிருக்கிறேன்.

மேலூரிலிருந்து:

பிரித்து எழுதியதை ஏற்கவில்லை என்பதைக் குழுவின் பதிவுக்காகத் தெரிவித்துக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் அது மணக்காவி.

திருமங்கலத்திலிருந்து:

படியைப் பார்த்தேன். ஏழாம் பக்கத்தில் ஏந்து எண்ணெய் என்ற தலைப்பின் கீழ் டைபுரோப்பிலீன் கிளைக்கால் என்ற, மணப்பொருளைக் கரைக்கும் திரவத்தையும் வைத்திருக்கிறீர்கள். அது எண்ணெய் அன்று. ஜோஜோபாவும் வேதியியல்படி திரவ மெழுகுதான், ஆனால் அதை யாரும் கவனிக்க மாட்டார்கள். அச்சகத்துக்குக் காலையில் எத்தனை மணிக்குப் போகிறீர்கள்?