அம்மாள் வந்த வீடு, எனக்கு ஏன் சொல்லேல்லை?

புதுநியமனம்:
புதுக்குடியிருப்புப் பக்கம் குடும்பநல உத்தியோகத்தராய் வந்து நாலு மாதம். சொந்த ஊர் யாழ்ப்பாணம். போன கிழமை வீடுவீடாய் ஏறி, "ஆருக்கும் சிக்கன்பொக்ஸ் இருக்கோ?" எண்டு கேட்டன். ஒருத்தருக்கும் இல்லையாம். அடுத்தநாள் அதிலை ஒரு வீட்டுப் பிள்ளையை, மூண்டு வயசு, புண் சீழ்பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கினம். ஏன் எனக்கு ஒளிச்சவை?

பழைய மிட்வைஃப்:
ஒளிக்கேல்லைப் பிள்ளை. நீர் கேட்ட சாமான் அந்த வீட்டிலை இல்லை. அங்க இருந்தது அம்மாள். படலையிலை வேப்பங்குழை செருகியிருந்திருக்குமே, கண்டனீரோ? கொப்புளிப்பான் எண்டு பேர் எல்லாருக்கும் தெரியும். ஆனால் வருத்தம் இருக்கிற வீட்டிலை அந்தப் பேரை வாயிலை எடுக்கமாட்டினம். வட்டாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலிலை கடல்தண்ணி விட்டு விளக்கெரிக்கிற சனமெல்லோ.

நான் படலைக்கு வெளியிலை நிண்டுதான் கேப்பன்: "ஆச்சி, அம்மாள் வந்து எத்தினை நாள்? தண்ணி எப்ப வார்க்கிறியள்?" மச்சம் சாப்பிட்ட அண்டைக்குப் போறேல்லை. ஆச்சிமார் நாள்க்கணக்கை விரல்மடிச்சுச் சொல்லுவினம். முதல் கொப்புளம் எப்ப போட்டது எண்டது அதுக்குள்ளையே வந்திடும். பொருக்கு எல்லாம் காய்ஞ்சாப்பிறகுதானே தண்ணி வார்க்கிறது? அதுக்குப் பிறகு மற்றப் பிள்ளையளுக்குத் தொத்தாது. உம்மடை புத்தகமும் அதைத்தானே சொல்லுது.

நகம் வெட்டக்கூடாது எண்டால் சண்டை பிடியாதையும், கைக்குப் பழைய மேசு போட்டுவிடும். அஸ்பிரின் மட்டும் குடுக்க விடாதையும். மூச்சு வாங்கினால், நாலு நாளுக்கு மேலை காய்ச்சல் நிண்டால், புண்ணைச் சுத்திச் சிவந்து சுட்டால் ஆஸ்பத்திரிதான். அதிலை ஆச்சியோடை பேரம் இல்லை.

வார்ட்_நேர்ஸ்:
அக்கா, எல்லாத்துக்கும் தலையாட்டேலாது. கஞ்சியிலை ரெண்டு வாய் மட்டும் குடுத்து, நாக்கு வறண்டு வந்த பிள்ளையளை நான் பாத்திருக்கிறன். மச்சம் இல்லாட்டிப் பரவாயில்லை. தண்ணி?

பழைய மிட்வைஃப்:
தண்ணி குடு எண்டு ஏன் சொல்லுறீர்? இளநி எண்டு சொல்லும். அம்மாளுக்குக் குளிர்ச்சி எண்டு ஆச்சியே ஆள்விட்டு வெட்டுவிப்பா. 2009இலை, சண்டையிலை இடம்பெயர்ந்த சனம் இருந்த செட்டிகுளம் முகாமிலை இளநிக்கு எங்க போறது? அங்க ஒரு கூடாரத்திலை தறப்பாள் கயித்திலை வேப்பங்குழை தொங்கினது. அதைப் பாத்துத்தான் உள்ளை நுழைஞ்சன். இல்லாட்டி அந்தப் பிள்ளை என்ரை கணக்கிலை வந்திராது.

புதுநியமனம்:
நேற்றுப் போனன், கால் கழுவிப்போட்டு. வேப்பங்குழை வாடி இன்னும் படலையிலைதான் கிடக்கு. அண்டைக்கு அதிலை சைக்கிளைச் சாத்திப்போட்டு நிண்டிருக்கிறன்! ஆச்சி தானாய்ச் சொன்னா, பின்வீட்டிலையும் ரெண்டு சின்னதுகளுக்கு அம்மாளாம், அங்க மருமகள் ஏழு மாசமாம். அவவுக்குச் சின்னனிலை வந்ததோ எண்டு கேட்டன். ஆச்சிக்குத் தெரியேல்லை. தாய்க்காரிக்குத் தெரிஞ்சிருக்கும், தாய் இப்ப இல்லை. சுகாதார வைத்திய அதிகாரிக்குப் ஃபோன் போட்டிட்டு, இப்ப அந்த வீட்டுக்குத்தான் வெளிக்கிடுறன்.