முக்கோணத்துக்குள் வரும் எண்: ‘பிளாஸ்டிக் வகையெண்’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

போத்தல்களின் அடியில், அம்புகள் சுற்றிவரும் முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரை ஓர் எண் இருக்குமே, அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற நம் உரையாடலில் ‘மீள்சுழற்சி எண்’, ‘பிசின் அடையாளக் குறியீடு’ என்று முக்கியமாக இரண்டு பெயர்கள் வந்திருக்கின்றன. இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை.

முதற்பெயர் பொருளையே மாற்றிவிடுகிறது. அந்த எண் இது எந்த வகைப் பிளாஸ்டிக் என்று மட்டுந்தான் சொல்கிறது. கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் அம்மா முக்கோணம் உள்ள எதையும் எறியமாட்டார். கழுவிக் காயவைத்து ஒரே பையில் சேர்ப்பார். பழைய போத்தல், பேப்பர் எடுக்க வரும் நானா (முஸ்லிம் அண்ணரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) அந்தப் பையைக் கொட்டி, 1 போட்ட தண்ணீர்ப் போத்தல்களையும் 2 போட்ட ஷாம்பூப் போத்தல்களையும் எடுத்துக்கொண்டு, 6 போட்ட யோகட் கப்புகளை அப்படியே விட்டுவிட்டுப் போனார். “இதிலயும் அந்த அடையாளம் இருக்குத்தானே?” என்று அம்மா கேட்டார். இருக்கிறதுதான். ஆனால் 6 என்பது பொலிஸ்டைரீன். காற்றுப்போல எடையில்லாத கப்பை நிறுத்து வாங்கி அவருக்கு என்ன கிடைக்கும்? 2017இல் இலங்கையில் தடைசெய்யப்பட்ட ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பிளாஸ்டிக்) சாப்பாட்டுப் பெட்டியும் இதே 6தான்.

அம்புச் சுழல் 1970இல் கேரி ஆண்டர்சன் என்ற அமெரிக்க மாணவர் ஒரு போட்டிக்கு வரைந்தது. அது மீள்சுழற்சிக்கே உரிய சின்னம். 1988இல் அங்குள்ள பிளாஸ்டிக் தொழில் நிறுவனங்களின் சங்கம் எண்களுக்கும் அதேபோன்ற அம்புகளைச் சுற்றிவிட்டது. 2013இல் அமெரிக்கத் தரநியமம் அம்புகளை நீக்கி வெறும் முக்கோணமாக்கியது. பழைய வார்ப்பு அச்சுகள் இன்னும் பாவனையில் இருப்பதால் அம்பு போன பாடில்லை. அவர்களே கழற்றிய அம்பை நாம் பெயரில் கொண்டுவந்து மாட்ட வேண்டாம்.

இரண்டாவது பெயரில் வரும் ‘பிசின்’ (ஆங்கிலத்தில் resin) வேதியியல் பாடத்துக்குச் சரி. வீட்டில் பிசின் என்றால் முருங்கைப் பிசின்தான் நினைவுக்கு வரும். ‘தர எண்’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அப்படிச் சொன்னால் 1தான் ஆகச் சிறந்தது, 7 மட்டமானது என்று நினைத்துவிடுவார்கள். 7 என்பது முதல் ஆறு வகைகளிலும் அடங்காத எல்லாவற்றுக்கும் பொது.

ஆகவே ‘பிளாஸ்டிக் வகையெண்’ என்று முன்மொழிகிறேன். “வகையெண் 2 இருந்தால் எடுத்து வையுங்கோ” என்று வாய்க்கும் வசதியாக வருகிறது. தமிழ்நாட்டு நண்பர்கள் ‘நெகிழி வகையெண்’ என்று எழுதலாம். இங்கே கடைக்காரருக்கும் நானாவுக்கும் பிளாஸ்டிக் என்றால்தான் விளங்கும். ‘மீள்சுழற்சிச் சின்னம்’ என்ற பெயரை எண் இல்லாத அம்புச் சுழலுக்கு மட்டும் வைத்துக்கொள்வோம்.

அப்புறம், ஐரோப்பிய சொக்லேட் உறைகளில் வட்டத்துக்குள் இரண்டு அம்புகள் பின்னியிருக்கும். பொதிக் கழிவைச் சேகரிக்கும் திட்டத்துக்குத் தயாரிப்பாளர் பணம் கட்டியிருக்கிறார் என்பதே அதன் பொருள். Green Dot என்ற அதன் ஆங்கிலப் பெயரை ‘பச்சைப் புள்ளி’ என்று நேராகப் பெயர்த்தால் இது யாருக்கும் புரியாது. ‘பொதிக்கட்டணக் குறி’ என்று எழுதிப் பார்த்தேன், கொஞ்சம் நீளம். சுருக்கமாக ஏதும் தோன்றினால் எழுதுங்கள்.