அயல்நாட்டுச் சகுனங்களில் மாட்டிக்கொண்ட கதைகள்

மாஸ்கோவில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். போன புதிதில் அலுவலக நண்பர் ஒருவர் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். கதவைத் திறந்ததும் வெளியே நின்றபடியே கையை நீட்டினேன். மனிதர் கை கொடுக்காமல் ஓரடி பின்னால் போய்விட்டார். எனக்கு முகம் சுருங்கிப்போனது. அவரோ என் சட்டைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். என் இரண்டு காலும் வாசற்படியைத் தாண்டிய பிறகுதான் கை குலுக்கினார். நிலைப்படிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று கை கொடுத்தால் சண்டை வருமாம். வீட்டைக் காக்கும் ஆவி அங்கேதான் குடியிருக்கிறது என்பது பழைய நம்பிக்கை. அதற்கு டோமவோய் என்று பெயர்.

அதோடு முடியவில்லை. நான் கொண்டுபோன பூங்கொத்தை அவர் மனைவி வாங்கி, சிரித்தபடியே விரலால் பூக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். ஆறு. ஒரு பூவை மட்டும் உருவி, சமையலறை ஜன்னலோரம் ஒரு டம்ளரில் தனியாக வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. இரட்டைப்படையில் பூ கொடுப்பது சாவு வீட்டுக்குத்தான் என்று மறுநாள் வேறொருவர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா? புத்தகத்தில் படித்தது வேண்டாம், நேரில் மாட்டிக்கொண்டதைச் சொல்லுங்கள்.

* * *

பூ விஷயத்தில் உங்களைவிட மோசமாக மாட்டியவன் நான். ஜப்பானில் மேலதிகாரிக்கு அறுவை சிகிச்சை. வெட்டிய பூ இரண்டு நாளில் வாடிவிடும், தொட்டிச்செடி என்றால் நாளைக்கு இருக்கும் என்று என் புத்திசாலித்தனம். கூட வந்த பெண் என் கையைப் பார்த்துவிட்டு மருத்துவமனை வாசலிலேயே நின்றுவிட்டார். ஜப்பானிய மொழியில் செடி வேர் பிடிப்பதற்கும், நோயாளி படுத்த படுக்கையாகக் கிடப்பதற்கும் கிட்டத்தட்ட ஒரே உச்சரிப்பு: அது நெசுகு, இது நெட்சுகு. 'எழுந்திருக்கவே மாட்டீர்கள்' என்று வாழ்த்தப் போயிருக்கிறேன்! செடியை வரவேற்பு மேசைக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டு வெறுங்கையோடு மேலே போனோம்.

அங்கே பாதிச் சகுனம் இப்படி ஒலி ஒற்றுமையில் பிறந்ததுதான். நான்குக்கு 'ஷி', சாவுக்கும் 'ஷி'. ஒன்பதுக்கு 'கு', வேதனைக்கும் 'கு'. அதனால் சில மருத்துவமனைகளில் 4, 9 என்ற எண்ணில் அறையே இருக்காது.

ஒன்றை மட்டும் நான் மூடநம்பிக்கைக் கணக்கில் சேர்க்க மாட்டேன். ஒருவர் சாப்பாட்டுக் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவை நேராகக் கொடுக்கக் கூடாது. ஒருமுறை நான் அப்படி நீட்டியபோது மேசையே அமைதியாகிவிட்டது. பிணத்தை எரித்த பிறகு உறவினர்கள் எலும்புகளை எடுப்பதும், ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு மாற்றுவதும் அப்படித்தான். சொந்த அப்பாவின் எலும்பை அப்படி எடுத்தவர்களுக்கு எதிரே உட்கார்ந்து நான் மீன் துண்டை நீட்டியிருக்கிறேன்.

* * *

கொரியாவில் நான் செய்தது: வருகைப் பட்டியலில் எல்லோர் பெயரையும் சிவப்புப் பேனாவில் எழுதிவிட்டேன். உயிரோடு இருப்பவர் பெயரைச் சிவப்பில் எழுதினால் சாவை அழைப்பது போல. ஒரு பையன் வந்து, மிகவும் பணிவாக, தன் பெயரை மட்டும் நீல மையில் மேலே எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டான். அவனுக்குப் பின்னால் வரிசை நின்றது.

மின்விசிறி பயமும் உண்மைதான். மூடிய அறையில் விசிறியைப் போட்டுக்கொண்டு தூங்கினால் மூச்சு முட்டிச் செத்துவிடுவோம் என்று வீட்டுக்கார அம்மா நினைவுபடுத்திக்கொண்டே இருந்தார். அங்கே விற்கும் விசிறிகளில் தானாக நிற்கும் டைமர் இருக்கும். இளவட்டங்கள் இதைக் கேட்டால் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டு டைமரையும் வைக்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது பரீட்சைச் சகுனம். கடற்பாசி சூப் வழுக்கும், குடித்தால் பரீட்சையில் வழுக்கி விழுவோம். ஒட்டும் மிட்டாயான யோட் சாப்பிட்டால் கல்லூரியில் ஒட்டிக்கொள்வோம். சிக்கல் என்னவென்றால் பிறந்தநாளுக்குக் குடிக்க வேண்டியதும் அதே கடற்பாசி சூப்தான். வீட்டுக்கார அம்மாவின் மகளுக்கு நுழைவுத் தேர்வு வாரத்திலேயே பிறந்தநாள். பாவம், சூப் தேர்வு முடிந்த பிறகுதான் வந்தது.

* * *

நான் இதில் எதையும் நம்பாதவன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் எண்களை வைத்து ஒரு வேடிக்கை. ஊருக்கு ஊர் கெட்ட நாள் மாறுகிறது. ஆங்கிலேயருக்கு 13-ஆம் தேதி வெள்ளிக்கிழமை ஆகாது. ஸ்பெயினில் அதே 13, ஆனால் செவ்வாய்க்கிழமை. இத்தாலியில் 17. ரோமன் எண்ணில் 17-க்கு உள்ள எழுத்துகளை இடம் மாற்றினால் 'விக்ஸி' என்ற லத்தீன் சொல் வரும். 'வாழ்ந்தேன்' என்று பொருள். அதாவது, இப்போது இல்லை. இத்தாலிக்காரர் ஒருவரிடம், 17-ஆம் தேதி ஸ்பெயினில் இருந்துவிட்டு 13-ஆம் தேதி இத்தாலிக்கு வந்துவிடுங்கள், எதுவும் தீண்டாது என்றேன். அவர் சிரிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துத் தொட்டுக்கொண்டார். அங்கே இரும்பைத் தொடுவது தோஷம் கழிக்க.

* * *

பிலிப்பீன்ஸ்காரச் செவிலியர்களோடு ஒரே விடுதியில் இருந்தேன். அவர்களில் ஒருவரின் அத்தை தவறிவிட்டார், துக்கம் கேட்கப் போனோம். இரவு பதினொரு மணி, காலையில் எனக்கு ஷிப்ட். திரும்பும்போது வண்டியை ஒரு காபிக் கடையில் நிறுத்தினார்கள். எனக்குக் காபி வேண்டாம் என்றேன். "குடிக்க வேண்டாம், உள்ளே வந்து உட்காரு போதும்" என்றாள் தோழி. துக்க வீட்டிலிருந்து நேராக வீட்டுக்குப் போகக் கூடாதாம். பின்னாலேயே வரும் ஆவியை வழியில் வேறெங்காவது உதறிவிட வேண்டும். இந்த வழக்கத்துக்குப் பக்பக் என்று பெயர்.

பத்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். அப்புறம் யாரோ அத்தையின் சமையலைப் பற்றி ஆரம்பித்தார்கள், சிரிப்பு வந்தது, ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. ஆவி அங்கே இறங்கியதா தெரியாது. நான் ஷிப்டுக்குத் தாமதமாகத்தான் போனேன்.

* * *

துருக்கியில் வீட்டைக் காலி செய்த அன்று, நான் ஏறிய டாக்ஸி நகர்ந்ததும் வீட்டுக்காரப் பாட்டி ஒரு சொம்புத் தண்ணீரைப் பின்னாலேயே வீசி ஊற்றினார். கோபத்தில் ஊற்றுகிறாரோ என்று பயந்துவிட்டேன், கடைசி மாதத் தண்ணீர்க் கட்டணம் வேறு பாக்கி இருந்தது. ஓட்டுநர்தான் சொன்னார்: "தண்ணீர் போலப் போ, தண்ணீர் போலத் திரும்பி வா" என்று வழியனுப்புவதாம். பாக்கியைப் பிறகு அனுப்பிவிட்டேன்.

* * *

எல்லோருக்கும் நன்றி, சிரித்து முடியவில்லை. மாஸ்கோ கதையின் மிச்சத்தைச் சொல்லிவிடுகிறேன். கிளம்பும் நாளில் கோட்டு, பூட்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்த பிறகு, "எல்லோரும் உட்காருங்கள்" என்றார் அதே நண்பர். பயணத்துக்கு முன் ஒரு நிமிடம் உட்கார வேண்டும். நான் பெட்டி மேலேயே உட்கார்ந்தேன். யாரும் பேசவில்லை. அந்த அமைதியில்தான், பாஸ்போர்ட் குளியலறை அலமாரியில் இருப்பது ஞாபகம் வந்தது.

அவருக்கு ஒரு நல்ல சமையல் கத்தி வாங்கி வைத்திருந்தேன். கத்தியைச் சும்மா கொடுத்தால் நட்பு அறுந்துவிடும் என்று ஒரு ரூபிள் நாணயத்தை என் கையில் திணித்தார். இப்போது அது பரிசு இல்லை, விற்பனை. அடுத்த வாரமே போன் வந்தது. வெங்காயம் நறுக்கும்போது விரலை வெட்டிக்கொண்டாராம். "காசு கொடுத்து வாங்கியது, குறை சொல்ல முடியாது, சரக்கு நல்ல கூர்" என்றார்.