தோள்பட்டை நடுங்குகிறது: சீரியல் பஸ் சர்வோவுக்கு மாறலாமா?

தறிவீட்டுப் பெண், குடியாத்தம்:
வணக்கம். அப்பா கைத்தறியில் லுங்கி நெய்கிறார். அம்மா சுற்றிப் போடும் தாரை (ஊடை நூல் சுற்றிய குழல்) எடுத்துக் கூடையில் அடுக்க ஒரு சின்ன ரோபோ கை செய்துகொண்டிருக்கிறேன். சொன்ன கோணத்துக்குத் திரும்பும் எம்ஜி996ஆர் சர்வோ மோட்டார் நான்கு, அவற்றை ஓட்ட ஆர்டுயினோ ஊனோ என்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டு ஒன்று. தனித்தனியாக ஓட்டினால் நன்றாக இருக்கிறது. இரண்டு சேர்ந்து அசைந்தால் ஊனோ ரீசெட் ஆகிறது. தார் தூக்கும்போது தோள்பட்டை நடுங்குகிறது. ஒரே லைனில் வரிசையாகக் கோத்து ப்ரோக்ராம் செய்கிற சீரியல் பஸ் சர்வோ வாங்கச் சொல்கிறார்கள். என்னிடம் இருக்கும் காசுக்கு ஒன்றுதான் வரும். பழையதைத் தூக்கிப் போட வேண்டுமா?

ஷூ கம்பெனி எலக்ட்ரீஷியன், ஆம்பூர்:
சர்வோவுக்கு கரன்ட் ஊனோவின் 5 வோல்ட் பின்னிலிருந்து போகிறதா? அப்படியானால் முதலில் அதைக் கழற்றுங்கள்.

இன்வெர்ட்டர் மெக்கானிக், காட்பாடி:
தூக்கிப் போட்டுடாதம்மா. மேல சொன்னவர் சரியா சொன்னாரு. எம்ஜி996ஆர் முக்கி நிக்கும்போது ஒண்ணே 2.5 ஆம்ப் வரைக்கும் இழுக்கும். ஊனோல யுஎஸ்பி வழிக்கு இருக்கிற ஃப்யூஸ் 500 மில்லி ஆம்ப்தான். எல்இடி போர்டுக்குப் போடுற 5 வோல்ட் 10 ஆம்ப் சப்ளை வாங்கி நாலுக்கும் குடு. அதோட கிரவுண்டையும் (மைனஸ்) ஊனோ கிரவுண்டையும் சேத்துடு, இல்லன்னா சிக்னல் நிக்காது.

தோள்பட்டை வேற கணக்கு. கை நீளம் 25 சென்டிமீட்டர், நுனியில பிடியும் தாருமா 150 கிராம்னு வெச்சுக்கோ. ரெண்டையும் பெருக்கினா அதுவே தோளுக்கு 3.75 கிலோ-சென்டிமீட்டர் திருகு பாரம். முழங்கை, மணிக்கட்டு சர்வோ தலா 55 கிராம். சட்டத்தையும் சேத்தா 6 தாண்டிடும். அந்த மோட்டாருக்கு 9.4னு போட்டிருக்கிறது அது அசையாம முக்கி நின்னுடுற இடம். அதுல பாதிக்குள்ள இருந்தாத்தான் நிதானமா தாங்கும். தோளுக்கு மட்டும் எஸ்டிஎஸ்3215ங்கிற பஸ் சர்வோ ஒண்ணு போடு, மத்த மூணும் இருக்கட்டும்.

எனக்கு அது பிடிச்சதுக்குக் காரணம் பலம் மட்டும் இல்ல. பழைய சர்வோவுக்கு 20 மில்லி செகண்டுக்கு ஒரு பல்ஸ் அனுப்புறோம், போய்ச் சேந்துச்சான்னு அது சொல்லாது. இது கேட்டா பதில் சொல்லும்: எங்க இருக்கு, எவ்வளவு பாரம், எவ்வளவு சூடு. ஒரு சுத்துக்கு 4096 பங்கு. டார்க்கை (மோட்டார் இறுக்கிப் பிடிக்கிற விசை) அணைச்சுட்டு கையால திருப்பி, அந்த எண்ணைப் படிச்சு வெச்சுக்கோ. திரும்ப அனுப்பினா அதே இடத்துக்கு வரும். உங்க அம்மா ஒரு தடவை பிடிச்சுக் காட்டினா போதும்மா.

அது தகவல் பேசுற வேகம் விநாடிக்கு 10 லட்சம் பிட். ஊனோவோட சாஃப்ட்வேர் சீரியலுக்கு (சாதாரண பின்ல ப்ரோக்ராம் வழியா தகவல் அனுப்புற முறை) எட்டாது, அதுக்குன்னு விக்கிற டிரைவர் போர்டு வாங்கு. பின்னால இன்னொண்ணு சேக்கும்போது கவனம்: புதுசா வர்றது எல்லாத்துக்கும் ஐடி (அதைக் கூப்பிடுற எண்) 1தான். தனியா மாட்டி ஐடி மாத்தி, மேல மார்க்கர்ல எழுதிட்டு அப்புறம் கோத்து விடு. 7.4 வோல்ட் ரகமும் இருக்கு, 12 வோல்ட் ரகமும் இருக்கு. நான் பாக்காம 12 குடுத்து ஒண்ணை எரிச்சுட்டேன். அந்தக் கருகல் வாசனை இன்னும் மறக்கல.

தறிவீட்டுப் பெண், குடியாத்தம்:
அண்ணா, சப்ளை மாற்றியதும் ரீசெட் நின்றுவிட்டது. பஸ் சர்வோ நேற்று மாட்டினேன். அம்மா கையைத் தூக்கிக் காட்டினார், தோளின் எண்ணை அதிலிருந்தே படித்தேன், மற்ற மூன்று கோணங்களை நானே எழுதினேன். 3 தார் கூடைக்குள் போனது. நான்காவது நழுவிவிட்டது. பிடியில் சைக்கிள் ட்யூப் வெட்டி ஒட்டலாமா?

ஷூ கம்பெனி எலக்ட்ரீஷியன், ஆம்பூர்:
கறுப்பு ரப்பர் வேண்டாம், வெள்ளை நூலில் கறை ஏறும். இன்சோல் வெட்டிய மிச்ச ஃபோம் என்னிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை குடியாத்தம் வருகிறேன், எடுத்துவருகிறேன்.