உழவுப் போட்டியில் எதைப் பார்த்து மார்க் போடுகிறார்கள்?

பொள்ளாச்சியான்:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் பக்கம் ரேக்ளா பந்தயம் நடக்கும். எந்த வண்டி எத்தனை நொடியில் வந்தது என்று பார்த்தால் முடிந்தது, யாருக்கும் சந்தேகம் வராது. போன வாரம் அயர்லாந்தில் நடக்கும் உழவுப் போட்டி வீடியோ ஒன்று பார்த்தேன். டிராக்டர் ஆமை மாதிரி ஊர்கிறது. ஓட்டுகிறவர் கொஞ்ச தூரம் போய் நிறுத்துகிறார், இறங்கிக் குனிந்து மண்ணைப் பார்க்கிறார், ஸ்பானரை எடுத்துக் கலப்பையில் எதையோ லேசாகத் திருகுகிறார், மறுபடி ஏறுகிறார். கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஏகப்பட்ட கூட்டம், ஒருவரும் விசில் அடிக்கவில்லை. கோயிலில் நிற்கிற மாதிரி நிற்கிறார்கள்.

எனக்கு 8 ஏக்கர், தென்னையும் சோளமும். டிராக்டர் நானே ஓட்டுகிறேன். ஆனாலும் அங்கே என்ன நடக்கிறது என்று பிடிபடவில்லை. வேகம் இல்லை என்றால் எதை வைத்து ஜெயிப்பு? இது எப்போது, எப்படி ஆரம்பித்தது? நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

நீலமேகம்:

நேராக உழுகிறார்களா என்று பார்ப்பார்கள் என்று நினைக்கிறேன். இரண்டு முனையிலும் குச்சி நட்டுவைத்து ஓட்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

லீஷ் செல்வி:

தம்பி, நான் அயர்லாந்தில் லீஷ் கவுண்டியில் இருக்கிறேன். கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி. முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸ். சொந்த ஊர் மன்னார்குடி பக்கம், அப்பா மாடு கட்டி உழுதவர். இந்தப் போட்டியை 2022-ல் ரத்தெனிஸ்காவில் நேரில் பார்த்தேன். அந்த வருஷம் அயர்லாந்தின் தேசியப் போட்டியோடு உலகப் போட்டியும் அங்கேயே நடந்தது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நீலமேகம் சொன்ன நேர்கோடும் உண்டு, ஆனால் அது பல தலைப்புகளில் ஒன்றுதான். முதலில் கலப்பையைப் புரிந்துகொள்ள வேண்டும். நம் நாட்டுக் கலப்பை மண்ணைக் கீறிக்கொண்டு போகும், மண் இரண்டு பக்கமும் சரியும், புல் பாதி மேலேயே கிடக்கும். அதனால்தான் நாம் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு மூன்று தடவை சால் ஓட்டுகிறோம். இங்கே இருப்பது வளைபலகைக் கலப்பை. வட்டக் கத்தி பக்கவாட்டில் வெட்டும், கொழு, அதாவது கலப்பையின் இரும்பு முனை, அடியில் அறுக்கும், பின்னால் வரும் வளைந்த இரும்புப் பலகை அந்த மண் பட்டையை அப்படியே தூக்கி ஒருபக்கமாகக் கவிழ்த்துப் போடும். புல்லும் அறுவடைத் தாளும் தலைகீழாக உள்ளே போய் மக்கிவிடும். குளிர்காலத்து உறைபனி கட்டிகளை உடைத்துக் கொடுக்கும். ஒரே உழவுதான், இரண்டாம் தடவை ஓட்டிச் சரிசெய்யலாம் என்ற பேச்சே இல்லை. அதனால் அந்த ஒரு தடவை சுத்தமாக வரவேண்டும்.

நடுவர்கள் பார்ப்பது இதைத்தான். எங்காவது ஒரு புல் தலைநீட்டுகிறதா? ஒவ்வொரு சாலும் ஒரே அகலம், ஒரே உயரமா? மண் கெட்டியாகப் படிந்திருக்கிறதா, உள்ளே பொந்து விழுந்திருக்கிறதா? ஒரு நடுவர் காலால் அழுத்திப் பார்த்ததை நானே பார்த்தேன். வயலின் இரண்டு முனையிலும் கலப்பை இறங்கிய இடமும் ஏறிய இடமும் ஒரே வரிசையில் இருக்கவேண்டும். கவிழ்ந்த மண்ணைக் கையால் தட்டிச் சரிசெய்தால் மார்க் போய்விடும். உலகப் போட்டியில் ஓர் ஆளுக்கு 100 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், அதாவது சுமார் அரை ஏக்கர். அந்த அரை ஏக்கருக்கு மூன்று மணி நேரத்தை ஒட்டி எடுத்துக்கொள்கிறார்கள். நீங்கள் வீடியோவில் பார்த்த ஆமை வேகம் அதுதான். ஒரு நாள் அறுவடைத் தாள் நிலத்தில், இன்னொரு நாள் புல் நிலத்தில் உழவேண்டும்.

இதிலே இரண்டு இடம் முக்கியம். எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் இல்லத்தில் இருந்த ஒரு பெரியவர். பெயர் வேண்டாம். இளவயதில் இரண்டு குதிரை பூட்டி உழுதவர். ஒரு ராத்திரி மாத்திரை கொடுக்கப் போனபோது எங்கள் அப்பா மேழி பிடித்தவர் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். அவ்வளவுதான், எழுந்து உட்கார்ந்துவிட்டார். மடியில் கிடந்த போர்வையை எடுத்து நடுவில் ஒரு கோடு மாதிரி நீவினார். முதல் தடவை போகும்போது மண்ணை இரண்டு பக்கமும் வெளியே தள்ளவேண்டும், இப்படி. போர்வையை இரண்டு பக்கமும் மடித்துக் காட்டினார். அடியில் உழாத மண் துளியும் மிஞ்சக்கூடாது. போட்டியில் இந்த முதல் பிளவோடு எல்லாரும் நிறுத்திவிடுவார்கள், நடுவர்கள் வந்து அதற்கு மட்டும் தனியாக மார்க் போடுவார்கள். அப்புறம் அதே மண்ணை இரண்டு பக்கத்திலிருந்தும் உள்ளே புரட்டவேண்டும். இரண்டு மடிப்பையும் நடுவில் கொண்டுவந்து ஓட்டுக்கூரை மாதிரி ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து வைத்தார். இது கிரவுன் என்றார். நடுவில் குழி விழக்கூடாது, மேடு கட்டவும் கூடாது. இது கோணினால் அதை ஒட்டி வரும் ஒவ்வொரு சாலும் கோணும். எனக்கு உடனே அப்பா சொல்லும் ‘முன்னேர் போன வழியே பின்னேர்’ ஞாபகம் வந்தது. அதை ஆங்கிலத்தில் சொன்னபோது என்னை இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னார்.

இரண்டாவது, முடிவுச் சால். பக்கத்து ஆளின் நிலத்தை நெருங்கி வரும்போது நடுவில் ஒரு பட்டை மிஞ்சும். அது இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே அகலத்தில் இருக்கவேண்டும். கடைசி ஓட்டத்தில் அதையும் எடுத்தால் ஒரு சின்னக் கால்வாய் மட்டும் மிச்சம், ஆழமில்லாமல், ஒடுங்கலாக, நூல் பிடித்த மாதிரி. காலையிலிருந்து செய்த தப்பெல்லாம் அங்கே வந்து சேர்ந்துவிடும் என்பார் பெரியவர். அதனால்தான் அந்த நேரத்தில் கூட்டம் மூச்சுவிடாமல் நிற்கிறது. நானும் நின்றேன். என் முன்னால் உழுதவர் கடைசி ஓட்டத்துக்கு முன் இறங்கி, டேப் வைத்து மூன்று இடத்தில் அளந்தார். ஒரு போல்ட்டைக் கால் சுற்றுகூட இருக்காது, திருகினார். திரும்பப் போய் முதல் இடத்தை இன்னொருமுறை அளந்தார். பிறகுதான் ஏறினார்.

இனி ஆரம்பக் கதை. இது ஒரு வாக்குவாதத்தில் பிறந்தது. ஜே. ஜே. பெர்கின் கில்டேர் கவுண்டியின் ஆதை ஊர்க்காரர், டெனிஸ் ஆலன் வெக்ஸ்ஃபர்டின் கோரி ஊர்க்காரர். யாருடைய கவுண்டியில் நல்ல உழவர்கள் என்று இருவருக்கும் பேச்சு வந்தது. வயலில் பார்த்துக்கொள்வோம் என்று முடிவாகி, 1931 பிப்ரவரி 16-ல் ஆதைக்குப் பக்கத்தில் கோர்ஸ்டவுனில் 9 கவுண்டிகள் இறங்கின. எல்லாம் குதிரை உழவுதான். ஊருக்கு ஊர் உழவுப் போட்டி அதற்கு முன்பும் உண்டு. நாடு முழுமைக்கும் ஒரே வயலில் என்று ஆனது அன்றுதான். இன்று அது செப்டம்பரில் மூன்று நாள் திருவிழா. 2019-ல் கார்லோ கவுண்டியில் நடந்தபோது மூன்று நாளில் 3 லட்சத்தைத் தொடும் அளவுக்குக் கூட்டம். 2018-ல் ஆலி புயல் வந்து ஒரு நாள் முழுக்க ரத்தானது, அதை ஈடுகட்ட வெள்ளிக்கிழமையும் நடத்தினார்கள்.

அந்தக் கூட்டத்தில் பலபேர் உழவைப் பார்க்காமலே திரும்புகிறார்கள் என்பது என் வருத்தம். கடைகள், மிஷின், சாப்பாடு என்று அந்தப் பக்கமே பொழுது போய்விடுகிறது. உழும் வயலுக்குக் கொஞ்சம் நடக்கவேண்டும். நீங்கள் எப்போதாவது வந்தால் முதலில் அங்கே போங்கள்.

அபர்தீன் குமரன்:

செல்வி அக்கா, நான் ஸ்காட்லாந்தில் படிக்கிறேன், அதனால் இந்தப் பக்கத்துக் கதையையும் சேர்த்துவிடுகிறேன். இங்கே உழவுப் போட்டி 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே இருந்தது. அதற்குக் கொஞ்சம் முன்னால் ஜேம்ஸ் ஸ்மால் என்பவர் பலகையின் வளைவைத் திருத்தி ஒரு கலப்பை செய்தார். முன்பு நாலு மாடு, ஆறு மாடு, ஓட்டத் தனி ஆள் என்று இருந்த உழவை, இரண்டு குதிரையோடு ஒரே ஆள் செய்யமுடிந்தது. புதுக் கலப்பையும் நல்ல உழவும் பரவட்டும் என்று விவசாயச் சங்கங்கள் போட்டி வைத்து மெடல் கொடுத்தன.

எனக்குப் பிடித்தது ஆர்க்னி தீவுகளில் நடக்கும் சிறுவர் போட்டி. சவுத் ரொனால்ட்சே தீவில் ஆகஸ்ட் மாதம். பெண்குழந்தைகள் உழவுக் குதிரை மாதிரி உடுத்திக்கொண்டு வருவார்கள். கழுத்துப்பட்டை, மணி, மினுங்கும் அலங்காரம், பாதத்தைச் சுற்றிக் குளம்பு முடி மாதிரிக் குஞ்சம். அம்மா, பாட்டி காலத்துத் துண்டுகளும் அதில் இருக்கும். பையன்கள் கையளவுக் கலப்பையோடு கடற்கரைக்குப் போய், ஈரமணலில் ஆளுக்கொரு சின்னச் சதுரத்தை உழுவார்கள். நடுவர்கள் அதையும் பெரியவர்களின் வயலைப் பார்ப்பது போலவே குனிந்து, சால் சாலாகப் பார்க்கிறார்கள். அந்தச் சின்னக் கலப்பைகளும் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருபவை.

பொள்ளாச்சியான்:

அக்கா, குமரன், இரண்டு பேருக்கும் நன்றி. போர்வை விளக்கத்தை அப்படியே என் மகனுக்குச் செய்து காட்டினேன். இன்னும் இரண்டு கேள்வி. உலகப் போட்டி என்றீர்களே, அது யார் நடத்துவது? குதிரை உழவு இப்போதும் உண்டா, பெண்கள் உழுகிறார்களா?

லீஷ் செல்வி:

உலக உழவு அமைப்பு என்று ஒன்று 1952-ல் தொடங்கினார்கள். முதல் போட்டி 1953-ல் கனடாவின் கோபர்க் ஊரில், அடுத்த வருஷமே அயர்லாந்தின் கில்லார்னியில். ஜெயித்தவருக்குத் தங்கக் கலப்பை. உலகப் போர் முடிந்து பத்து வருஷம்கூட ஆகாத காலம், அதனால் ‘வயல்களை அமைதி உழட்டும்’ என்ற பொருளில் ஒரு லத்தீன் வாசகத்தை வைத்துக்கொண்டார்கள். போட்டி நடக்கும் நாட்டில் கற்களை அடுக்கி அமைதிச் சின்னம் ஒன்றும் எழுப்புகிறார்கள், வருகிற நாடுகள் தங்கள் கல்லைக் கொண்டுவரும். அயர்லாந்துக்கு முதல் உலகப் பட்டம் 1964-ல், விக்லோ கவுண்டியின் சார்லி கீகன் ஆஸ்திரியாவில் ஜெயித்தது. வெக்ஸ்ஃபர்டின் மார்ட்டின் கேஹோ மூன்று முறை ஜெயித்தார்: 1994 நியூசிலாந்து, 1995 கென்யா, 1999 பிரான்ஸ். 2022-ல் ரத்தெனிஸ்காவில் ஒருபக்கம் புரட்டும் கலப்பைப் பிரிவில் கார்லோவின் ஈமன் ட்ரேசி ஜெயித்தார். நான் அந்தக் கைதட்டலைக் கேட்டேன்.

குதிரை உழவு உண்டு, அதற்குத்தான் கூட்டம் மொய்க்கும். ‘லாய்’ என்ற நீள மண்வெட்டியால் கிளறும் போட்டியும் உண்டு. ஒடுங்கலான இரும்பு, ஒருபக்கம் மட்டும் கால் வைக்க இடம். கலப்பையும் குதிரையும் இல்லாத ஏழைக் குடியானவர்கள் அதைக்கொண்டுதான் உருளைக்கிழங்குக்குப் பாத்தி எடுத்தார்கள். பெண்களுக்கென்று தனிப் பிரிவு 1950-களிலேயே வந்துவிட்டது, ஜெயிப்பவரைக் கலப்பை ராணி என்பார்கள். அன்னா மே மெக்ஹ்யூ என்ற பெண்மணி 1951-ல் அலுவலக வேலைக்கு வந்து, 1973-ல் அயர்லாந்துப் போட்டியை நடத்தும் சங்கத்தின் நிர்வாக இயக்குநரானார். இந்தத் திருவிழாவை இந்த அளவுக்கு வளர்த்தது அவர்தான் என்று இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

உங்கள் வயலில் செய்துபார்க்க நினைத்தால் பெரியவர் சொன்ன ஒன்றைச் சொல்கிறேன். சக்கரத்தைப் பார்க்காதே, தூரத்துக் குச்சியைப் பார். அவர் காலத்தில் இரண்டு குதிரைகளின் தலைக்கு நடுவே அந்தக் குச்சி தெரியும், அது மறைந்தால் கோணிவிட்டது என்று அர்த்தம்.

2022-ல் நான் கிளம்பும்போது அவரால் வர முடியவில்லை. முடிவுச் சாலை மட்டும் படம் எடுத்துக்கொண்டு வா என்றார். பத்துப் பன்னிரண்டு படம் எடுத்தேன். மறுநாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை வாங்கி, ஒரு படத்தை விரலால் பெரிதாக்கினார். எனக்குக் குறையே தெரியாத படம் அது. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு ஓர் ஓரத்தில் விரலை வைத்தார். அங்கே கவிழ்ந்த மண்ணுக்கு இடையில் பச்சையாக ஒரே ஒரு புல் நின்றது.