80களின் லீட் சவுண்ட்: டிஎக்ஸ்7ஆ, சோ வேவா?

கல்முனைக் கீபோட்:
திருவிழாக் கச்சேரிக்கு 80கள் மெட்லி ஒண்டு கட்டுறம். மெட்டை முன்னால வாசிக்கிற லீட் சவுண்ட்தான் அமையுதில்ல. லேப்டொப்ல வைட்டல் எண்ட சின்த் சொஃப்ட்வெயார் போட்டு, ரெண்டு சோ வேவ் (வாள் பல் மாதிரிக் கூரான அலை), ஒண்டைச் சுருதியில மயிரிழை அளவு, 8 சென்ட் விலத்தி, கூரைக் குறைக்கிற லோபாஸ் ஃபில்டர், சத்தத்தை இரட்டிச்சு விரிக்கிற கோரஸ் எல்லாம் வச்சாச்சு. தடிப்பா வருது, ஆனா இப்பத்தைய பாட்டு மாதிரித்தான் கேக்குது. பழைய கீபோட் தேடி வாங்கத்தான் வேணுமா?

வாவிக்கரை:
வாங்காதீங்க தம்பி. 1983ல வந்த யமஹா டிஎக்ஸ்7 கீபோட்ல ஃபில்டரே இல்ல. ஆறு ஒப்பரேட்டர், அதாவது அலை எழுப்புற அலகு, எல்லாம் மழமழப்பான சைன் வேவ். ஒண்டு மற்றதைக் குலுக்கித்தான் சத்தம் பிறக்குது. இதுதான் எஃப்எம், குலுக்குறது மொடியூலேட்டர். கட்டையை ஓங்கி அடிச்சா மொடியூலேட்டர் கூடிக் கூர் ஏறும், மெல்லத் தொட்டா அடங்கும். சோ வேவை எவ்வளவு வடிச்சாலும் அந்த மினுக்கம் வராது. டிஎக்ஸ்7 மாதிரியே ஒலிக்கிற டெக்ஸெட் சொஃப்ட்வெயார் இலவசம், டிஎக்ஸ்7ட பழைய பட்ச் (சத்த அமைப்பு) ஃபைல்களை அப்படியே திறக்கும்.

காரைதீவான்:
அண்ணே, இதை ஏத்துக்க ஏலாது. 80கள் எண்டா டிஎக்ஸ்7 மட்டுமா? 1981ல ஜூபிட்டர்-8, 1984ல ஜூனோ-106, ரெண்டும் சோ வேவை ஃபில்டரால வடிக்கிற றோலண்ட் கீபோட்தான். ஜூனோல ஒரு குரலுக்கு, அதாவது அமுக்குற ஒரு ஸ்வரத்துக்கு, ஒரே ஒஸிலேட்டர் (அலை எழுப்புற பகுதி). தடிப்பெல்லாம் கோரஸ் குடுக்கிறது. தம்பி ரெண்டு ஒஸிலேட்டரை விலத்தி, அதுக்கு மேல கோரஸும் ஏத்தியிருக்கிறார். ஒண்டைக் கழட்டட்டும்.

மறுகா வாசிப்பு. மோனோ (ஒரு நேரம் ஒரே ஸ்வரம்), லெகாட்டோ (விடாமத் தொடுத்து), 60 மில்லிசெக்கன் அளவுக்குக் கிளைட் (ஸ்வரத்துக்கு ஸ்வரம் வழுக்கல்). வைப்ரேட்டோ உடனே வரக்கூடாது. நாதஸ்வரக்காரர் ஸ்வரத்தை நீட்டி நிப்பாட்டிப் போட்டுத்தானே அசைக்கிறார்? அப்படி அரைச் செக்கன் பொறுத்து, 5–6 ஹேர்ட்ஸ்ல மெல்ல ஏறணும். மொடியூலேஷன் வீலைக் கையால தள்ளினா இன்னும் நல்லம். லீட்டுக்கு உயிர் அங்கதான்.

வாவிக்கரை:
கிளைட் (போர்ட்டமென்டோ), மோனோ, வைப்ரேட்டோவைப் பிந்தி எழுப்புற எல்எஃப்ஓ டிலே எல்லாம் டிஎக்ஸ்7லயும் இருக்கே! சோ வேவ் மாதிரியே வேணுமெண்டா ஒரு ஒப்பரேட்டர் தன்னைத் தானே குலுக்குற ஃபீட்பெக்கை உச்சமான 7க்கு ஏத்துங்க, கிட்டத்தட்ட வந்திடும். ஜூனோல எஃப்எம் மணியோசை எடுத்துக் காட்டுங்க பாப்பம்.

காரைதீவான்:
மேடையில என்ன செய்வீங்க? சரணத்துல சத்தத்தைத் திறந்து மூட ஃபில்டருக்கு ஒரு குமிழ் போதும். டிஎக்ஸ்7ல ஒரு சின்னத் திரை, ஒரு ஸ்லைடர். ஒவ்வொரு ஒப்பரேட்டராத் தேடிப் போய்த் திருத்தோணும்.

கல்லடி மிக்ஸர்:
சண்டைக்கு நடுவுல ஒண்டு. கோயில் வெளியில ஸ்பீக்கர் சிஸ்டம் பெரும்பாலும் மோனோ, இடம் வலம் பிரியாது. ஹெட்ஃபோன்ல விரிஞ்சு கேக்குற ஸ்டீரியோ கோரஸ், இடமும் வலமும் சேந்தா மெலிஞ்சு போயிரும். லேப்டொப்ல மோனோவாக்கிக் கேட்டிட்டு வாங்க.

கல்முனைக் கீபோட்:
கோரஸைக் கழட்டி, வைப்ரேட்டோவைப் பிந்தி வச்சன். நீட்டுற இடங்கள் இப்ப நல்லா நிக்குது. டெக்ஸெட்டும் இறக்கியாச்சு. எதை எங்க போடுற?

வாவிக்கரை:
மெட்லிப் பாட்டுகளோட ஆண்டைப் போடுங்க.

கல்முனைக் கீபோட்:
ரெண்டு 1982, ஒண்டு 1986.

காரைதீவான்:
அப்ப முதல் ரெண்டுக்கும் எஃப்எம் போட விடமாட்டன். டிஎக்ஸ்7 பிறக்கவே இல்லயே அண்ணே!

வாவிக்கரை:
சரி, மூண்டாவது என்ட. அதுல சோ வேவ் கேக்கக்கூடாது.