ஃபால்ஸ் சீலிங்ல பழைய ஓட்டை பெருசு, புது எல்இடி சின்னது... என்ன பண்றது?

வேளச்சேரிவாசி:
வணக்கம். ஹால்ல ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங், அப்பவே வச்ச சிஎஃப்எல் டவுன்லைட்டு ஒவ்வொண்ணா போயிட்டு இருக்கு, அந்த ரெண்டு பின் பிஎல் பல்பு கேட்டா கடைல இப்ப வர்றதே இல்லங்கறாங்க. சரின்னு 15 வாட் ரவுண்ட் பேனல் வாங்கிட்டு வந்தா ஓட்டை 8 இன்ச், பேனலுக்கு கட்-அவுட் (சீலிங்ல அறுக்க வேண்டிய ஓட்டை அளவு) 6 இன்ச், மாட்டினா பொத்துனு கையிலயே விழுது. எலக்ட்ரீஷியன் சீலிங்கையே புதுசா போடணும்ங்கறார். பெயிண்ட் அடிச்சு ஒரு வருஷம் கூட ஆகல. வேற வழி இருக்கா?

கரண்ட்கம்பி:
சீலிங் காண்ட்ராக்ட் அவரோட மச்சான் எடுக்கறாரா சார் :) அதெல்லாம் தேவையே இல்ல. பெட்டி நல்லா இருந்தா முதல்ல பேனலை கடைல திருப்பி குடுங்க. ஓட்டைய மில்லிமீட்டர்ல அளங்க, குறுக்க ஒரு தடவ நெடுக்க ஒரு தடவ, கையால அறுத்த ஓட்டை வட்டமாவே இருக்காது, ஒரு பக்கம் 200 இருக்கும் இன்னொரு பக்கம் 208 இருக்கும். பெட்டில வெளி விட்டமும் கட்-அவுட்டும் தனித்தனியா போட்டிருப்பான், வெளி விட்டம் பாத்து வாங்கினா ஏமாந்துடுவீங்க. இப்ப கிளிப்பை நகர்த்தி வைக்கற மாதிரி பேனல் வருது, எந்த அளவுல இருந்து எந்த அளவு வரைக்கும் பிடிக்கும்னு பெட்டிலயே இருக்கும். உங்க பெரிய ஓட்டைய விட வெளி விட்டம் ஒரு இன்ச்சாவது கூட இருக்கணும், இல்லன்னா ஓரம் பல்லிளிக்கும்.

மரவேலை_மணி:
அந்த மாதிரி கிடைக்கலன்னா சீலிங்குக்கு வெளிய ஒட்டினாப்ல மாட்டற சர்ஃபேஸ் டைப் பேனல் போடலாம், ஆனா அதை தாங்கற கிளாம்ப்போட ஸ்க்ரூ நேரா ஓட்டைக்குள்ள தான் வரும், பிடிக்க ஒண்ணும் இருக்காது. அதுக்கு ஓட்டைய விட ரெண்டு பக்கமும் 2 இன்ச் நீளமா ஒரு ப்ளை பட்டை வெட்டி, நடுவுல ஒரு ஸ்க்ரூவை பாதி முறுக்கி விட்ருங்க, அதான் பிடி. பட்டைய சாய்ச்சு உள்ள விட்டு அந்த ஸ்க்ரூவை பிடிச்சு கீழ இழுத்துட்டே ரெண்டு ஓரத்துலயும் போர்டு வழியா 25 எம்எம் ஜிப்சம் ஸ்க்ரூ அடிங்க. கையை விட்டா பட்டை மேல போய் படுத்துக்கும், அப்புறம் எடுக்கறது பெரும்பாடு. அப்புறம் லைட் கிளாம்ப்பை ப்ளைலயே முறுக்கிடலாம், லைட்டு ஓட்டைய விட நல்லா பெருசா இருந்தா ஓர ஸ்க்ரூ தலைய அதுவே மறைச்சுடும். இதே பட்டை மேல ஜிப்சம் துண்டு வச்சு ஒட்டு மேல மெஷ் டேப் (வலை டேப்) ஒட்டி புட்டி பூசி ஓட்டைய அடைக்கவும் செய்யலாம், ஆனா என்னதான் தேய்ச்சாலும் சாயங்கால வெயில் சாய்வா அடிக்கறப்ப ஒட்டு தெரியும், சீலிங் முழுக்க பெயிண்ட் அடிக்கற எண்ணம் இருந்தா மட்டும் பண்ணுங்க.

திருச்சி_தம்பி:
எனக்கு நேர் எதிர் பிரச்சனை அண்ணே, ஓட்டை 4 இன்ச், லைட்டுக்கு 6 வேணும். ஹோல் சா (ட்ரில்லுல மாட்டி வட்டமா அறுக்கற ரம்பம்) வச்சா நடு ட்ரில்லு நிக்க இடமே இல்ல, காத்துல ஆடுது.

கரண்ட்கம்பி:
தம்பி, ப்ளை துண்டுல முதல்ல 6 இன்ச் ஓட்டை போட்டு அதை சீலிங்ல அழுத்தி பிடிச்சுக்கோங்க, அதுவே ஹோல் சாவுக்கு வழி காட்டும். அறுக்கறதுக்கு முன்னாடி உள்ள கைய விட்டு ஜிஐ சேனல் (சீலிங்கை தாங்கற தகரச் சட்டம்) பக்கத்துல போகுதான்னு பாருங்க, வயரையும் ஒதுக்கி வைங்க. கண்ணாடியும் மாஸ்க்கும் போடாம மேல பாத்து அறுக்காதீங்க.

வேளச்சேரி சார் உங்களுக்கு ஒண்ணு, சிஎஃப்எல்லுக்கு இருந்த பழைய சோக்கை கழட்டி எறிஞ்சுட்டு லைனை நேரா எல்இடி டிரைவருக்கு (பேனலோட வர்ற சின்ன பவர் பெட்டி) குடுங்க, சோக் வழியா குடுக்காதீங்க. ஸ்விட்ச்சை ஆஃப் பண்ணா போதாது, மெயின் போர்டுல இருக்கற எம்சிபியை (ட்ரிப் ஸ்விட்ச்) இறக்குங்க, சில வீட்ல ஸ்விட்ச்சை நியூட்ரல்ல போட்டு வச்சிருப்பாங்க. டெஸ்டர் வச்சு பாத்துட்டு கைய வைங்க.

வேளச்சேரிவாசி:
ரொம்ப நன்றி. இப்பதான் அளந்தேன், எல்லாமே 200-205 எம்எம்முக்குள்ள தான் வருது, கிளிப் நகர்ற பேனலே தேடறேன். மணி அண்ணே, கிடைக்கலன்னா அந்த ப்ளை எவ்ளோ தடிமன் வாங்கறது?

மரவேலை_மணி:
9 எம்எம் போதும். ப்ளைவுட் கடைல வெட்டின மிச்சத் துண்டு கேளுங்க, புது ஷீட் வாங்காதீங்க.